கீசர் கோளாறு: காயிலை மாற்றினால் போதுமா, கீசரையே மாற்ற வேண்டுமா?

குளியலறைச் சுவரில் மாட்டப்படும் 10, 15, 25 லிட்டர் மின் கீசர்களைப் பற்றியது இந்த வழிமுறை. போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் மாறி மாறிப் பயன்படுத்தும் தமிழ்நாட்டு அடுக்குமாடி வீடுகளை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். ஏனெனில் நம் ஊரில் கீசரின் ஆயுளை அதன் விலையைக் காட்டிலும் அதற்குள் செல்லும் தண்ணீரே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கீசரின் உள்ளமைப்பு எளிமையானது. நடுவில் ஓர் உலோகத் தொட்டியும், அதைச் சுற்றி வெப்பம் வெளியேறாதபடி நிரப்பப்பட்ட நுரையும், அதற்கு வெளியே நாம் காணும் உறையும் இருக்கும். தொட்டியின் அடியில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு தகட்டில் நீரைச் சூடாக்கும் காயில், வைத்த வெப்பநிலை வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் நுழையும் குழாய், ஆனோடு எனப்படும் மக்னீசியக் கம்பி ஆகியவை பொருத்தப்பட்டிருக்கும். தகட்டில் உள்ள எதையும் கழற்றி மாற்றலாம். நுரைக்குள் புதைந்திருக்கும் தொட்டியை மாற்ற இயலாது. ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும், கோளாறு தகட்டில் உள்ளதா, தொட்டியில் உள்ளதா என்பதையே முதலில் கண்டறிய வேண்டும். இதைக் கண்டறியாமல் எங்கள் வீட்டுக் கீசருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை காயில் மாற்றினோம்; மூன்றாம் முறை தொட்டியே ஒழுகிவிட்டது.

சோதனையைத் தொடங்குமுன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்பெட்டியில் கீசருக்கான எம்.சி.பி.யையும் (மின்னோட்டம் மிகுந்தால் தானாக இறங்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, பிளக்கையும் உருவிவிட வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதுண்டு. அத்தகைய இணைப்பில் சுவிட்சை அணைத்த பிறகும் காயிலில் மின்சாரம் இருக்கும். மூடியைக் கழற்றி மின்பாகங்களைத் தொட வேண்டிய வேலைகள் அனைத்தையும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். கீழே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடியைத் திறக்க வேண்டியதில்லை.

தண்ணீர் சூடாகவே இல்லை

இண்டிகேட்டர் விளக்கே எரியவில்லை என்றால் கீசரை ஐயுறுவதற்கு முன் பிளக்கையும் சாக்கெட்டையும் பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் தேவை. பிடி தளர்ந்த சாக்கெட்டில் பிளக்கின் முள் கருகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கருகிய பிளக்கைப் புதிய சாக்கெட்டில் செருகினால் புதியதும் விரைவில் கருகும்.

மின்சாரம் வந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால் காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் ஆகிய மூன்றில் ஒன்று பழுதாகியிருக்கும். தெர்மோஸ்டாட் செயலிழந்து வெப்பம் எல்லை மீறும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது கட்-அவுட்டின் வேலை. சில மாடல்களில் சிறு பொத்தானை அழுத்தி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஒருமுறை அழுத்தியதும் வேலை செய்து, பல மாதங்கள் தொல்லை தராவிட்டால் கவலை வேண்டாம். சில நாட்களிலேயே மீண்டும் துண்டித்தால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும் என்று பொருள். கட்-அவுட்டை விலக்கிவிட்டுக் கம்பியை நேரடியாக இணைத்துத் தருவதாக எந்த மெக்கானிக் சொன்னாலும் இசையாதீர்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அடைபட்டிருந்தால் அந்தக் கீசர் வெடிக்கக்கூடும்.

எலக்ட்ரீஷியன் காயிலைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். 2000 வாட் காயிலின் மின்தடை ஏறத்தாழ 26 ஓம் இருக்கும். மீட்டர் எந்த அளவும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டி காலியாகிக் கீசரில் தண்ணீர் இல்லாதபோது சுவிட்சைப் போட்டதால் அறுந்த காயில்கள் ஏராளம். அப்படி நேர்ந்திருந்தால் காயிலை மட்டும் மாற்றினால் போதும், தொட்டிக்கு அதனால் பொதுவாகத் தீங்கில்லை.

சூடாகிறது, ஆனால் போதவில்லை

இந்த ஒரே புகாருக்குள் இரண்டு வேறுபட்ட கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன: சூடாக அதிக நேரம் எடுப்பது ஒன்று, சூடான தண்ணீர் விரைவில் தீர்ந்துபோவது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே தேவையில்லாத உதிரிபாகங்கள் மாற்றப்படுகின்றன.

முதலாவதை அளந்தே அறியலாம். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்த ஏறத்தாழ 0.58 யூனிட் மின்சாரம் தேவை. 2000 வாட் காயில் அதை 17 அல்லது 18 நிமிடங்களில் செய்து முடிக்க வேண்டும். 25 லிட்டருக்கு அரை மணி நேரம் ஆகும். கீசரில் உள்ள வெந்நீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டு, விளக்கு அணையும் வரை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் கீசருக்கு 20 நிமிடங்கள் ஆனால் குறையில்லை. 28 நிமிடங்கள் ஆனால் கீசரைக் குறைசொல்வதற்கு முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். காயிலின் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட் 180 ஆகக் குறையும்போது கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 61 விழுக்காடாகக் குறைந்துவிடும். கிணற்று மோட்டார்களும் ஏ.சி.களும் ஒருசேர ஓடும் நேரத்தில் இது புதிதன்று.

காயிலில் உப்புப் படிவதால்தான் சூடாக நேரமாகிறது என்றும் மின்கட்டணம் ஏறுகிறது என்றும் பலர் சொல்வார்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மின் காயிலைப் பொறுத்தவரை இது பெரிதும் சரியன்று. காயில் வெளியிடும் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. படிவம் தடித்தால் அந்த வெப்பம் தண்ணீரை அடைவதற்காகக் காயில் மேலும் சூடேறும். அதனால் குறைவது காயிலின் ஆயுள்.

வெந்நீர் விரைவில் தீர்ந்துபோனால் நான்கு காரணங்களைப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் குறைந்த வெப்பத்தில் வைக்கப்பட்டிருப்பது எளிய காரணம். அடுத்தது, காயிலிலிருந்து உதிர்ந்த உப்புக் கசடு அடியில் குவிந்து தெர்மோஸ்டாட் குழாயைச் சூழ்ந்துகொள்வது. அப்போது தண்ணீர் முழுவதும் சூடாகும் முன்பே தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். தகட்டைக் கழற்றிக் கசடை அள்ளி வெளியேற்றினால் இது தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணம் கீசருக்கு வெளியே இருக்கிறது. பலர் கீசரையே மாற்றிய பிறகுதான் இதைக் கண்டறிகிறார்கள். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர் குழாயின் உள்பாகம் தேய்ந்துவிட்டால், குளிர்ந்த நீர் அதன் வழியே வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து கலந்துவிடும். கீசருக்குத் தண்ணீர் செல்லும் ஆங்கிள் காக்கை முழுவதும் மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து பாருங்கள். சில நொடிகளில் நீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அது மிக்சர் வழியே வரும் குளிர்ந்த நீர், கீசரில் குறையில்லை.

நான்காவது காரணம் தொட்டியைச் சேர்ந்தது. செங்குத்துக் கீசரில் குளிர்ந்த நீர் அடியில் நுழையும். வெந்நீர், தொட்டியின் உச்சி வரை நீளும் ஓர் உள்குழாய் வழியே வெளியேறும். அந்த உள்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் அடியில் உள்ள குளிர்ந்த நீரும் சேர்ந்து வெளிவரும். பல மாடல்களில் அது தொட்டியோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மற்ற மூன்று காரணங்களும் இல்லை என்று உறுதியான பின்னரும் வெந்நீர் அரை வாளியில் வெதுவெதுப்பாகிவிடுமானால், மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சடசடவென்று சத்தம் வருகிறது

காயிலின் மேல் படிந்த சுண்ணாம்புப் படிவத்துக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்துக் குமிழாக வெடிப்பதே இந்தச் சத்தம். இது மாற்றுவதற்கான அறிகுறி ஆகாது. சுத்தம் செய்வதற்கான அழைப்பு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 நீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. உங்கள் போர் தண்ணீர் அந்த மேல் வரம்பை நெருங்கினால் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

படிவத்தைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கரைப்பது நல்லது. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவது விரைவான வழிதான். ஆனால் அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் காயிலின் மேலுறையையும் துருப்பிடிக்கா எஃகையும் அரித்துவிடும். சுத்தியலால் தட்டிப் படிவத்தை உதிர்ப்பதும் காயில் உறையில் மயிரிழை விரிசல் விழக் காரணமாகும். வெப்பத்தை 75 டிகிரி வரை ஏற்றி வைத்திருந்தால் 60 டிகிரி அளவுக்குக் குறையுங்கள். படிவதும் குறையும், நோய்க்கிருமிகள் வளரும் வெதுவெதுப்பான நிலைக்கும் தண்ணீர் வராது.

தகட்டைக் கழற்றும் அன்றே ஆனோடுக் கம்பியையும் பாருங்கள். தொட்டிக்கு முன்னால் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பதே அதன் வேலை. விரல் தடிமனில் இருந்த கம்பி அரிபட்டு நடுவில் உள்ள எஃகு இழை தெரிந்தால் உடனே மாற்றுங்கள். கீசரின் மற்ற உதிரிபாகங்களோடு ஒப்பிட விலை குறைவான இந்த ஒரு கம்பியை யாரும் மாற்றுவதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

எம்.சி.பி. இறங்குகிறது, குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

குழாயைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தால் அது மிகச் சிறிய அளவாயினும் அன்றே கீசரின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். ஈரக் காலோடு நிற்கும் உடலில் மின்சாரம் எளிதாகப் பாயும். “டெஸ்டரில் லேசாகத்தான் எரிகிறது” என்று தள்ளிப்போடக் கூடாது.

சுவிட்சைப் போட்ட கணமே எம்.சி.பி. இறங்கினால் ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கும். எம்.சி.பி. நிலைத்திருந்து, மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மட்டும் உடனேயோ சில நிமிடங்கள் கழித்தோ இறங்கினால் மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். காயிலின் உலோக உறையில் விரிசல் விழுந்து, உள்ளே நிரப்பியுள்ள மக்னீசியம் ஆக்சைடுப் பொடி ஈரமாவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். காயிலை மாற்றினால் சரியாகிவிடும். ஒருவேளை புதிய காயில் போட்டும் ஓராண்டுக்குள் மீண்டும் இதே கோளாறு வந்தால், தொட்டிக்குள் படிவும் அரிப்பும் முற்றிவிட்டன என்றே நான் கொள்வேன்.

ஆர்.சி.சி.பி. இறங்காமலே ஷாக் அடித்தால், கீசரோடு வீட்டு வயரிங்கும் குற்றவாளி. மூன்றாவது முள்ளுக்குரிய எர்த் கம்பி சாக்கெட் வரை வந்திருக்காது, அல்லது எர்த் இல்லாத குறையை மறைக்க யாரேனும் அதை நியூட்ரலோடு சேர்த்து முடிந்திருப்பார்கள். பின்னது மிகக் கொடியது. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் கீசரின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். எர்த் இணைப்பைச் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய பின்னரே பழைய கீசராயினும் புதிய கீசராயினும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் சொட்டுகிறது

மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை தருவது இந்த அறிகுறிதான். மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து, கீசர் சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது கோளாறே இல்லை. 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் நீர் ஏறத்தாழ 1.35 விழுக்காடு விரிவடையும்; 15 லிட்டருக்கு அது 200 மில்லி லிட்டர், அதாவது ஒரு டம்ளர். அந்த நீர் மேல்நிலைத் தொட்டிக்குத் திரும்ப முடியாதபடி ஒருவழி வால்வு தடுப்பதால், வேறு வழியின்றி சேஃப்டி வால்வு வழியே வெளியேறுகிறது. சொட்டுகிறதே என்று அந்தத் துவாரத்தை அடைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதைவிட ஆபத்தான பழுதுபார்ப்பு கீசரில் வேறொன்று இல்லை. பழைய கீசர்களில் வெப்பம் மிகும்போது உருகி வழிவிடும் ஃபியூசிபிள் பிளக் இருக்கும். அது உருகியிருந்தால் அதே வகையைத்தான் போட வேண்டும், சாதாரண மூடியைத் திருகிவிடக் கூடாது.

கீசர் அணைந்து ஆறிய பிறகும் வால்வு இடைவிடாமல் ஒழுகினால் வால்வில் கசடு சிக்கியிருக்கலாம், அல்லது பிரஷர் பம்பின் அழுத்தம் மிகையாக இருக்கலாம். வால்வை மாற்றுவது சிறிய வேலை.

மற்ற இடங்களில் ஒழுகினால், எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, கீசரின் அடிப்பகுதியையும் குழாய் இணைப்புகளையும் நன்கு துடைத்து உலரவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ தாளைச் சுற்றி வையுங்கள். இணைப்புக் குழாயின் தாள் முதலில் நனைந்தால் வாஷரையோ குழாயையோ மாற்றினால் போதும். எலக்ட்ரீஷியன் அடிமூடியைக் கழற்றியதும் தகட்டின் விளிம்பைச் சுற்றி ஈரம் தெரிந்தால், தகட்டுக்கும் தொட்டிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் கெட்டிருக்கிறது. காயில் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு முடுக்குவதால் இது நேரும். தகட்டின் போல்ட்டுகள் துருவேறி, கழற்றும்போதே அறுந்துவிட்டால் மட்டும் நிலைமை வேறு. தொட்டியோடு பற்றவைத்த அந்த போல்ட்டுகளை வீட்டில் வைத்துச் சரிசெய்வது நடவாத காரியம்.

இணைப்புகள் அனைத்தும் உலர்ந்திருக்க, உறையின் விளிம்பிலிருந்தோ அடித் துவாரத்திலிருந்தோ துருக்கறையோடு நீர் வந்தால் தொட்டி ஓட்டையாகிவிட்டது. உத்தரவாதக் காலம் எஞ்சியிருந்தால் பில்லைத் தேடி எடுங்கள். பல நிறுவனங்கள் காயிலைவிடத் தொட்டிக்கு நீண்ட உத்தரவாதம் தருகின்றன. காலம் முடிந்திருந்தால் அடுத்த கேள்விக்கே இடமின்றி மாற்றிவிடுங்கள். எம்-சீல் பூசுவதும் வெல்டிங் வைப்பதும் வீண். வெல்டிங் வைத்த இடத்தில் தொட்டியின் உள்பூச்சு எரிந்துபோய், அதே இடத்தை ஒட்டி அடுத்த ஓட்டை விழும். ஊறிய நுரை மின் இணைப்புகளையும் நனைக்கும்.

தண்ணீரில் துரு நிறமும் நாற்றமும்

குளிர்ந்த நீர்க் குழாயிலும் அதே நிறம் இருந்தால் நிலத்தடி நீரில் உள்ள இரும்பே காரணம். வெந்நீரில் மட்டும் பழுப்பு நிறம் தொடர்ந்து வந்தால் ஆனோடு தீர்ந்து, தொட்டி அரிபடத் தொடங்கிவிட்டது. ஆனோடை மாற்றினால் சில காலம் தள்ளலாம். ஆனாலும் புதிய கீசருக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொட்டியைப் பழிக்க வேண்டாம். நீண்ட நாள் பயன்படுத்தாத கீசரில், நீரிலுள்ள சல்பேட்டைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதால் வருவது அது. நீரை முழுவதும் வெளியேற்றி, புதிய நீரை உச்ச வெப்பத்துக்குச் சூடாக்கி மீண்டும் வெளியேற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

வயதும் செலவும் எப்போது கணக்கில் வரும்

தொட்டி ஒழுகாதவரை வயது மட்டுமே மாற்றுவதற்குக் காரணமாகாது. மெட்ரோ தண்ணீரில் ஆனோடு மாற்றிப் பராமரித்த கீசர் 12 ஆண்டுகளைக் கடந்தும் உழைக்கும். சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர்ப் பகுதியைப் போலக் கடல்நீர் நிலத்தடியில் புகுந்த இடங்களின் போர் தண்ணீரில், நல்ல கீசரும் அதில் பாதி ஆயுளைத் தொடத் திணறும். நான் பின்பற்றும் வழக்கம் இது: ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட கீசரில் தகட்டைச் சேர்ந்த எந்தக் கோளாறையும் தயங்காமல் சரிசெய்வேன். அதற்கு மேற்பட்டதில், தகட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்துத் தொட்டியின் உட்புறத்தைப் பார்ப்பேன். எனாமல் பூச்சு பெயர்ந்து துருக் கொப்புளங்கள் தெரிந்தால் காயிலுக்குப் பணம் செலவழிக்க மாட்டேன். மெக்கானிக் உதிரிபாகங்களை விலை பேசுவதற்கு முன்பே, உள்ளே பார்த்துப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதியதை வாங்கும்போது

15 லிட்டர் கீசரில் 60 டிகிரியில் உள்ள வெந்நீரை 27 டிகிரித் தண்ணீரோடு கலந்தால், குளிக்கத் தக்க 40 டிகிரி நீர் ஏறத்தாழ 38 லிட்டர் கிடைக்கும். வாளியில் குளிப்பவருக்கு அது இரண்டு வாளிக்கும் மேல். ஷவரில் குளிப்பவர்கள் இருக்கும் வீட்டுக்கு 25 லிட்டர் ஏற்றது. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும் என்பதால், உயரமான கட்டடத்தின் கீழ்த்தளங்களிலும் பிரஷர் பம்ப் உள்ள இடங்களிலும் 8 பார் தாங்கும் மாடலையே தேர்ந்தெடுங்கள். கீசருக்கான ஐ.எஸ். 2082 தரக் குறியீடும் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மென்னீராக்கி வைத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று எண்ண வேண்டாம். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருவதால் படிவு குறையும். நீரில் உள்ள குளோரைடு அப்படியே இருக்கும். துருப்பிடிக்கா எஃகுத் தொட்டியையும் பற்றவைத்த இடங்களில் துளைப்பது அந்தக் குளோரைடுதான். ஆகவே உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில், எனாமல் பூசிய தொட்டியும் தனியாகக் கழற்றக்கூடிய தடித்த ஆனோடும் கொண்ட மாடலை நான் விரும்புவேன்.

பொருத்தி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுவதும் வெளியேறி நீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். பழைய சேஃப்டி வால்வையும் பழைய இணைப்புக் குழாய்களையும் மறுபடி பயன்படுத்த விடாதீர்கள். பொருத்திய தேதியையும், ஓராண்டு தள்ளி ஆனோடைப் பார்க்க வேண்டிய தேதியையும் அழியாத மார்க்கரால் கீசரின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.